ஒரு ‘இல்லை’க்கு இரண்டு பொருள்: பெண்கள் மீதான மனப்போக்கை ரஷ்ய மொழி வினாப்பட்டியலால் அளந்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

வோல்கா நதிக்கரை நகரம் ஒன்றில் உள்ள பொறியியல் கல்வி நிறுவனம் அது. தொழிற்பயிற்சிக்குப் போகும் மாணவிகளிடம் பட்டறை மேற்பார்வையாளர்களும் உடன் படிக்கும் மாணவர்களும் பேசும் விதம் பற்றிப் புகார்கள் வரத் தொடங்கியதும், நிர்வாகம் பணியிட நடத்தை குறித்து நான்கு வாரக் கருத்தரங்குத் தொடர் ஒன்றை ஏற்பாடு செய்தது. துணை முதல்வர் கேட்டது சுருக்கமானது: தொடருக்கு முன்பும் பின்பும் மாணவர்களின் மனப்போக்கை அளந்து ஓர் எண்ணாகத் தர வேண்டும், பக்கத்தில் அமெரிக்க மாணவர்களின் எண்ணையும் போட வேண்டும்.

அளக்கும் பொறுப்பு மூவர் தலையில் விழுந்தது. ஒருவர் உளவியல் துறையின் மூத்த ஆசிரியை, ஒருவர் புள்ளியியல் தெரிந்த இளம் விரிவுரையாளர், ஒருவர் முதுகலை மாணவி. துணை முதல்வர் கேட்ட இரண்டில் எதையுமே கேட்ட வடிவில் கொடுக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைத்தான் இந்தப் பதிவு சொல்கிறது.

கருவி

பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1996-ல் வெளியிட்ட அளவுகோலைக் குழு எடுத்துக்கொண்டது. இருமுகப் பாலினப் பாகுபாட்டு அளவுகோல் என்று அதைத் தமிழில் சொல்லலாம். 22 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை விடை. 0 என்றால் முற்றிலும் மறுப்பு, 5 என்றால் முழு உடன்பாடு. நழுவி நிற்க நடுப்புள்ளி கிடையாது.

கூற்றுகளில் 11 பகைப் போக்கை அளப்பவை. பெண்கள் தொட்டதற்கெல்லாம் மனம் புண்படுகிறார்கள், சமத்துவம் என்ற பெயரில் சலுகை தேடுகிறார்கள், ஆணை அடக்கிவைக்கப் பார்க்கிறார்கள் என்ற ரகம். மற்ற 11 பரிவுப் போக்கை அளப்பவை. அதற்குள் மூன்று கிளைகள் உண்டு: பெண்ணைக் காப்பது ஆணின் கடமை, பெண்ணுக்கு இயல்பாகவே உள்ள தூய்மையும் நயமும் ஆணுக்கு இல்லை, பெண் துணையின்றி ஆண் முழுமை பெறுவதில்லை. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் காக்கப்பட வேண்டியவள் என்று ஒருத்தியை வைத்துவிட்டால், அவள் எங்கே வேலைக்குப் போகலாம் என்பதையும் காப்பவரே முடிவு செய்யத் தொடங்குவார். ரஷ்யாவில் இது வெறும் கோட்பாடு அல்ல. பெண்களுக்கு 456 வகை வேலைகளை மூடிய 2000-ம் ஆண்டு அரசாணை பாதுகாப்பின் பெயரில் வந்தது. 2021 ஜனவரியில் அந்தப் பட்டியல் ஏறக்குறைய நூறாகச் சுருங்கிய பிறகுதான் மாஸ்கோ மெட்ரோவில் பெண்கள் மீண்டும் ரயில் ஓட்ட முடிந்தது. பெண்களின் ஓய்வு வயதை 63 ஆக உயர்த்தும் வரைவை 2018 ஆகஸ்டில் 60 ஆகக் குறைத்தபோது, நம் நாட்டில் பெண்கள் மீது தனிப் பரிவு உண்டு என்ற பொருள்பட அதிபர் புதின் தொலைக்காட்சியில் பேசினார். பலருக்கு அது நல்ல செய்தி, நல்ல செய்தியும்தான். பரிவுப் போக்கை அளப்பதில் உள்ள சங்கடமே அதுதான்.

2000-ல் கிளிக் குழுவினர் 19 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்டவர்களிடம் இந்த அளவுகோலை ஓட்டிப் பார்த்தார்கள். பகை மிகுந்த நாடுகளில் பரிவும் மிகுந்திருந்தது. அந்த 19-ல் ரஷ்யா இல்லை. (இந்தியாவும் இல்லை.)

இன்னொரு செய்தி இந்த நிகழ்வின் மையம். 22 கூற்றுகளில் ஆறு திருப்பிப் போட்டவை. அதாவது அவற்றுக்கு உடன்படுபவர் பாகுபாடு குறைந்தவர். பகைப் பகுதியில் 7, 18, 21. பரிவுப் பகுதியில் 3, 6, 13. கூட்டுவதற்கு முன் இவற்றின் விடையை 5-லிருந்து கழித்துத் திருப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆம்’ போடுபவரைப் பிடிக்கவே இந்த ஏற்பாடு. அமெரிக்காவில் அது ஓரளவு வேலை செய்தது. வேறு மொழிகளுக்குப் போனதும் இதே ஆறும்தான் ஒட்டாமல் நின்றன.

மொழிபெயர்ப்பு மேசையில்

அமெரிக்க எண்ணோடு ஒப்பிட வேண்டும் என்ற கட்டளை இருந்ததால், குழு ஆங்கில மூலத்திலிருந்தே மொழிபெயர்க்கத் தொடங்கியது. இருவர் தனித்தனியே ரஷ்யத்தில் எழுதினார்கள், மூன்றாமவர் இரண்டையும் ஒன்றாக்கினார், மூலத்தைப் பார்த்திராத ஒருவர் அதை ஆங்கிலத்துக்கு மீட்டார். மீட்டது மூலத்தோடு அழகாகப் பொருந்தியது. பொருந்தியதே குழுவை ஏமாற்றியது. மீள்மொழிபெயர்ப்புச் சோதனையில் ஓட்டை இங்கேதான் இருக்கிறது: சொல்லுக்குச் சொல் பெயர்த்த வாக்கியம் சொல்லுக்குச் சொல் திரும்பிவரும். இடையில் வாசிப்பவருக்கு என்ன புரிந்தது என்பதை அந்தச் சோதனை கேட்பதே இல்லை.

பெண்களிடம் உள்ள தூய்மை பற்றிய கூற்றில் ‘சிஸ்ததா’ என்ற சொல் விழுந்திருந்தது. அது மனத்தூய்மைக்கும் ஆகும், தரை கூட்டித் துடைத்த சுத்தத்துக்கும் ஆகும். விடுதியில் தங்கும் மாணவர்கள் எந்தப் பொருளை எடுப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. முன்னால் ‘ஒழுக்க’ என்ற அடைமொழியைச் சேர்த்த பிறகே அது நேரானது.

பெண்ணின்றியும் ஆண் முழுமையானவனே என்ற கூற்றில் முதல் வரைவு ‘போல்னி’ என்று எழுதியிருந்தது. நிறைந்தவன் என்ற அதே சொல்லுக்குப் பேச்சில் குண்டானவன் என்றும் பொருள். குறையில்லாதவன் என்ற பொருளில் ‘பல்னத்சென்னி’ என்று மாற்றினார்கள்.

ஒவ்வோர் ஆணுக்கும் அவன் போற்றும் ஒரு பெண் இருக்க வேண்டும் என்பதில் சிக்கல் வினைச்சொல்லில் இருந்தது. ‘இமேத்’ என்றால் உடைமையாக வைத்திருத்தல். ஆண், பெண் என்ற சொற்களுக்கு நடுவே வரும்போது கொச்சையாகிவிடும். ‘ஆணிடம் இருக்க வேண்டும்’ என்ற அமைப்புக்கு மாற்றியதும் சிரிப்பு நின்றது.

நல்ல பெண்ணைப் பீடத்தில் ஏற்றிவைக்க வேண்டும் என்ற கூற்றில் ‘பியெதெஸ்தால்’ என்ற சொல் சரியான ரஷ்யம்தான். ஆனால் கேட்டவுடன் இளைஞர்களுக்குத் தோன்றுவது விளையாட்டு வீரர்கள் பதக்கம் வாங்க ஏறும் மேடை. ரஷ்யர்கள் அன்புக்குரியவரைக் ‘கைகளில் ஏந்திச் சுமப்பார்கள்’. நாம் உள்ளங்கையில் வைத்துத் தாங்குவது போல. மனைவிக்கு அடங்கிய கணவனை அவர்கள் ‘குதிகாலுக்குக் கீழே இருப்பவன்’ என்பார்கள், பத்கப்லூச்னிக் என்று ஒற்றைச் சொல்லே உண்டு. நம் ஊரில் அதே ஆள் முந்தானையில் முடியப்பட்டிருப்பான். ஆங்கில மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது கழுத்துப்பட்டைக் கயிறு. கயிறு குதிகாலாக மாறலாமா? மாறலாம் என்றார் மூத்த ஆசிரியை, கூடாது என்றார் புள்ளியியலாளர். குதிகால் என்றால் கேலி கூடிவிடுகிறது, கேலி கூடினால் உடன்பாடும் கூடும் என்பது அவர் வாதம். ரஷ்யத்தில் குட்டைக் கயிற்றில் பிடித்துவைத்தல் என்ற வழக்கும் இருப்பதால் கயிறே நின்றது.

விடைக் கட்டங்கள்

கூற்றுகளுக்குக் கொடுத்த கவனத்தில் பாதியைக்கூட விடைகளுக்குக் கொடுக்கவில்லை. அதற்கான விலை முன்னோட்டத்தில் தெரிந்தது.

முதலாவது, ரஷ்யத்தில் ‘உடன்படுகிறேன்’ என்று சொல்வதற்குள் சொல்பவர் ஆணா பெண்ணா என்பது வந்துவிடும். ஆண் சொன்னால் சக்லாசென், பெண் சொன்னால் சக்லாஸ்னா. முதல் வரைவில் எல்லாக் கட்டமும் ஆண்பாலில் இருந்தது, வழக்கம் அப்படி. பெண்களைப் பற்றிய மனப்போக்கைக் கேட்கும் தாளில், விடை சொல்லும் பெண் தன்னை ஆண்பாலில் குறித்துக்கொள்ள வேண்டும்! அடைப்புக்குறிக்குள் பெண் விகுதியை ஒட்டவைத்தாலும் அது பின்னால் சேர்த்த ஒட்டுத்துணி மாதிரியே தெரிந்தது. ‘முழு உடன்பாடு’, ‘முழு மறுப்பு’ என்று பெயர்ச்சொல்லாக்கியதும் பிரச்சினையே இல்லாமல் போனது.

இரண்டாவது, இடையிலுள்ள நான்கு படிகள். ‘ஸ்கரேயெ’, ‘அச்சாஸ்தி’ என்ற இரு சொற்களில் எது வலுவான உடன்பாடு? முதலாவது ‘பெரும்பாலும் ஆம்’ என்பது போல, இரண்டாவது ‘ஒரு பகுதி ஆம்’ என்பது போல. குழுவின் முதுகலை மாணவி ஆறு விடைகளையும் ஆறு அட்டைகளில் எழுதிக் கலைத்துப் போட்டு, சிலரை வரிசையாக அடுக்கச் சொன்னார். ஓரத்து இரண்டை எல்லோரும் சரியாக வைத்தார்கள். நடு நான்கும் ஆளுக்கு ஒரு விதம். வரிசை மாறாத சொற்கள் கிடைக்கும்வரை அட்டைகளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அரை மணி நேர வேலை. இதை விட்டுவிட்டு எத்தனை ஆய்வுகள் போயிருக்கும் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்கும்.

மூன்றாவது, எண்கள். ரஷ்யப் பள்ளிகளில் மதிப்பெண் ஐந்துக்கு. 5 என்றால் மிகச் சிறப்பு, 2 என்றால் தோல்வி. பதினோரு ஆண்டு அந்தக் கண்ணோடு வளர்ந்தவர் முன்னால் 0 முதல் 5 வரை எண்களை வைத்தால், 2-ஐ ‘லேசான மறுப்பு’ என்று படிக்க மாட்டார். ‘பெயில்’ என்று படிப்பார். தாளிலிருந்து எண்களை எடுத்துவிட்டுச் சொற்களை மட்டும் விட்டார்கள். எண் கணினிக்குள் மட்டும்.

உரக்கச் சிந்திக்க வைத்தல்

முன்னோட்டத் தாள்கள் வந்ததும் புள்ளியியலாளர் முதலில் பார்த்தது கூற்றுகளுக்கு இடையிலான தொடர்பு அட்டவணையை. ஆறு திருப்பிப் போட்ட கூற்றுகளும், விடையைத் திருப்பிய பிறகும், தங்கள் குழுவோடு சேரவில்லை. சில எதிர்த்திசையிலேயே நின்றன. நிரலில் பிழை என்று முதலில் நினைத்தார், பிழை ஒன்று இருக்கவும் செய்தது. இணையப் படிவம் விடைகளை 1 முதல் 6 வரை இறக்கியிருந்தது. 5-லிருந்து கழித்தால் 6 போட்டவருக்கு –1 வரும். 7-லிருந்து கழித்துப் பிறகு 1 குறைக்க வேண்டும், அல்லது முதலிலேயே எல்லாவற்றிலும் 1 குறைத்துக்கொள்ள வேண்டும். அதைச் சரிசெய்தும் கூற்றுகள் சேரவில்லை.

எனவே மாணவி சிலரைத் தனித்தனியே உட்கார வைத்து, ஒவ்வொரு கூற்றையும் வாய்விட்டுப் படித்து, மனத்தில் ஓடுவதையும் வாய்விட்டுச் சொல்லக் கேட்டார். உதவி செய்யக் கூடாது, தலையசைக்கவும் கூடாது. ‘இதைப் படித்ததும் என்ன நினைத்தீர்கள்?’ என்பது ஒன்றே கேள்வி.

மூன்றாம் கூற்று: பேரிடரில் பெண்களை முதலில் மீட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு மாணவர் படித்தார், ‘நியெத்’ (இல்லை) என்றார், ‘முழு மறுப்பு’ கட்டத்தில் விரலை வைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, ‘இல்லை, கட்டாயம் இல்லைதானே’ என்றார். அதாவது கூற்றோடு அவர் உடன்படுகிறார், ஆனால் மறுப்பில் விரல் வைத்திருக்கிறார். ரஷ்யத்தில் எதிர்மறை வாக்கியத்தை ஏற்பதற்கும் ‘இல்லை’ என்று தொடங்கலாம், மறுப்பதற்கும் தொடங்கலாம். நமக்கு இது புதிதல்ல. ‘நீ சாப்பிடலையா?’ என்றால் ‘ஆமாம், சாப்பிடலை’ என்பவரும் உண்டு, ‘இல்லை, சாப்பிடலை’ என்பவரும் உண்டு. பேச்சில் இரண்டாவது பாதி பொருளைக் காப்பாற்றிவிடும். தாளில் அந்த இரண்டாவது பாதி கிடையாது, ஒரு கட்டம் மட்டும்தான்.

அதே கூற்றில் இன்னொரு மாணவி வேறு வழியில் போனார். யார் வாசலுக்கு அருகில் இருக்கிறார்களோ அவர்கள்தான் முதலில் வெளியேற வேண்டும், பள்ளியில் பாதுகாப்புப் பாடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள் என்றார். ஆண், பெண் என்பது அவர் கணக்கிலேயே வரவில்லை. தீயணைப்புத் தேர்வுக்கான விடையாகத்தான் அதை எழுதினார். எந்த எண் விழுந்தாலும் அது பாகுபாட்டின் அளவு ஆகாது.

ஏழாம், இருபத்தொன்றாம் கூற்றுகளில் பெண்ணியவாதி என்று பொருள்படும் ‘ஃபெமினிஸ்த்கா’ என்ற சொல் வருகிறது. பேசியவர்கள் கூற்றின் மற்ற பகுதியைப் படிக்கவே இல்லை. அந்தச் சொல்லைக் கண்டதும் முகம் மாறி விடை வந்துவிட்டது. அன்றாடப் பாகுபாடு குறைவாகத் தெரிந்த சிலரும் அந்தச் சொல்லிடம் கடுமையாக இருந்தார்கள். வேலைக்கு எடுப்பதில் பெண்களுக்குச் சலுகை தேடுகிறார்கள் என்ற கூற்று இன்னொரு தினுசு. அமெரிக்காவில் அதற்குப் பின்னால் பல பத்தாண்டு வழக்குகள் உண்டு. இங்கே ஒரு மாணவி, ‘எந்தச் சலுகை? எனக்குத் தடைப் பட்டியல்தான் தெரியும்’ என்று கேட்டுவிட்டுக் கூற்றைத் தாண்டிப் போனார்.

எண்ணில் இது என்ன செய்யும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் சேதம் விளங்கும். பகைப் பகுதியில் 11 கூற்றுகள், அதில் 3 திருப்பிப் போட்டவை. முழுப் பகை கொண்ட ஒருவர் கூற்றுகளைச் சரியாகப் புரிந்துகொண்டால் எட்டில் 5, மூன்றில் 0 போடுவார். திருப்பிய பிறகு சராசரி 5. அதே ஆள் எதிர்மறையில் தடுக்கி, மூன்றிலும் 5 போட்டால் திருப்பிய பிறகு அவை 0 ஆகும். 40-ஐ 11-ஆல் வகுத்தால் 3.64. பகையே இல்லாத ஒருவர் அதேபோல் தடுக்கினால் 0-க்குப் பதில் 15-ஐ 11-ஆல் வகுத்து 1.36. ஆக, 0 முதல் 5 வரை ஓட வேண்டிய அளவுகோல் 1.36-க்கும் 3.64-க்கும் நடுவே நசுங்கிவிடுகிறது. பாதி இடம் போயிற்று. முன்பு, பின்பு என்ற சிறு வித்தியாசத்தைத் தேடி வந்தவருக்கு இதைவிடக் கேடு வேறில்லை.

எல்லாவற்றுக்கும் 4 போடும் சோம்பேறி விடையாளரின் கணக்கும் உண்டு. எட்டு நான்குகளும் மூன்று ஒன்றுகளும் சேர்ந்து 35, சராசரி 3.18. திருப்பிப் போட்ட கூற்றுகளே இல்லையென்றால் அவர் 4-ல் நிற்பார். அவற்றை நீக்கினால் சோம்பேறியைப் பிடிக்கும் வலை போய்விடும் என்ற புள்ளியியலாளரின் கவலை நியாயமானதே.

எடுத்த முடிவுகள்

ஆறு கூற்றுகளையும் நேராக்கி எழுதுவது என்று முடிவாயிற்று. பல நாட்டு அனுபவமும் அதையே சொன்னது. நேராக்குவது என்றால் ‘இல்லை’யை வெட்டுவது மட்டுமல்ல. ‘பேரிடரில் ஆண்களுக்கு முன்பாகப் பெண்களை மீட்க வேண்டும்’ என்று எழுதிய பிறகு அது இன்னொரு கூற்றின் எதிரொலியாகிவிடவில்லையா என்று பார்க்க வேண்டும். பெண்களை ஆண்கள் பேணிக் காக்க வேண்டும் என்ற கூற்று ஏற்கெனவே அங்கே இருக்கிறது. இரண்டையும் பட்டியலில் தள்ளித் தள்ளி வைத்தார்கள்.

சோம்பேறி விடையைப் பிடிக்க வேறு இரு வழிகள்: ‘இந்த வரியில் இடமிருந்து இரண்டாவது கட்டத்தைக் குறிக்கவும்’ என்ற கவனச் சோதனை வரி ஒன்று, ஒரே கட்டத்தில் நேர்கோடாக இறங்கிய தாள்களைத் தனியே எடுத்து வைத்தல்.

அமெரிக்க எண்ணைப் பக்கத்தில் போடும் பேச்சு அத்தோடு முடிந்தது. ஆறு கூற்றுகள் மாறியபின் அது வேறு கருவி. மாறாமல் இருந்தாலும், இரு மொழியிலும் ஒரே மனப்போக்கு உள்ளவர் ஒரே விடை தருவார் என்பதைச் சோதிக்காமல் இரண்டு சராசரிகளை அருகருகே வைப்பது, அரைப்படியையும் லிட்டரையும் எண்ணிக்கையால் ஒப்பிடுவது போல. இதைத் துணை முதல்வரிடம் சொன்னபோது அவர் மகிழவில்லை.

பகை, பரிவு இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்குவதில்லை என்பது அடுத்தது. ஒருவருக்குப் பகை குறைந்து பரிவு ஏறினால் கூட்டுத்தொகை அசையாது. மாற்றம் கண்ணில் படாமல் போகும்.

தாளின் தலைப்பில் பாகுபாடு என்ற சொல் வராமல், ‘ஆண், பெண் உறவுகள் பற்றிய கருத்துகள்’ என்று வைத்தார்கள். உறவுகள் என்பதற்கு வழக்கமான சொல் காதல் உறவையும் குறித்ததால் அதையும் ஒருமுறை மாற்ற நேர்ந்தது.

களத்தில்

முதல் சுற்றை மார்ச் முதல் வாரத்தில் வைக்க நிர்வாகம் தேதி கொடுத்திருந்தது. மூத்த ஆசிரியை மறுத்தார். மார்ச் 8 பெண்கள் தினம் ரஷ்யாவில் பொது விடுமுறை. அந்த வாரம் முழுக்க மிமோசா, துலிப் பூங்கொத்துகள், மிட்டாய்ப் பெட்டிகள், ‘அழகிய பாதி’க்கு வாழ்த்துகள். பெண்ணைப் போற்ற வேண்டுமா என்று அந்த வாரத்தில் கேட்டால் விடை மனப்போக்கைக் காட்டாது, நாட்காட்டியைக் காட்டும். ஆண்களைக் கொண்டாடும் பிப்ரவரி 23-ம் அருகிலேயே வருகிறது. இரண்டையும் தாண்டி, ஏப்ரலுக்குத் தள்ளினார்கள்.

18 வயது நிறையாதவர்களைச் சேர்க்கவில்லை. பெற்றோர் ஒப்புதல் தேவைப்படும் என்பதால் முதலாம் ஆண்டு மாணவர்களை முன்பே விட்டிருந்தார்கள். முதலாண்டில் 17 வயதினர் நிறைய. பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எதுவும் வாங்கவில்லை. ரஷ்யக் குடிமக்களின் தனிப்பட்ட தகவல்களை 2015 முதல் அந்நாட்டிலுள்ள கணினிகளில்தான் சேமிக்க வேண்டும் என்பதால், தகவலே வாங்காமல் இருப்பது இரட்டிப்பு வசதி.

முதல் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் தாளைக் கொடுத்தார்கள். பதினெட்டாம் கூற்று பெண்கள் ஆண்களைச் சீண்டி விளையாடுவது பற்றியது. பின்வரிசையில் சிரிப்பு கிளம்பி, ஒருவர் தாளை இன்னொருவர் எட்டிப் பார்க்க, அந்த வரிசையின் தாள்கள் ஒரே அச்சாக வந்தன. அடுத்த வகுப்பிலிருந்து ஒரு இருக்கை விட்டு ஒரு இருக்கை. தாளுக்குப் பதில் கைப்பேசித் திரை, திரைக்கு ஒரே ஒரு கூற்று.

முன்பும் பின்பும் ஒரே ஆளை இணைக்க, அவரவர் உருவாக்கும் குறியீடு தேவைப்பட்டது: அம்மாவின் பெயரின் முதல் எழுத்து, தான் பிறந்த தேதி, கைப்பேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம். எளிமையான ஏற்பாடு. ஆனால் ரஷ்யாவில் அம்மாவுக்கு ஏட்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். எக்கதெரீனா வீட்டில் காத்யா. அலெக்சாந்த்ரா வீட்டில் சாஷா. யெலேனா வீட்டில் லேனா. முதல் சுற்றில் ஏட்டுப் பெயரை நினைத்தவர் நான்கு வாரம் கழித்து வீட்டுப் பெயரை நினைத்தார், எழுத்து மாறியது. மூன்றாம் தேதி பிறந்தவர் ஒருமுறை 3 என்றும் மறுமுறை 03 என்றும் போட்டார். தேதியைக் கணினியில் சரிசெய்ய முடிந்தது, எழுத்தை முடியவில்லை. ‘எ’யும் ‘க’வும் ஒரே அம்மாதான் என்று ஊகித்து இணைக்கலாமே என்று மாணவி கேட்டார். மற்ற இரு பகுதிகளும் பொருந்தினால்கூட ஊகத்தால் இணைப்பதில்லை என்று முடிவெடுத்து, அந்தத் தாள்களைச் சோடிக் கணக்கிலிருந்து நீக்கினார்கள். கணிசமான இழப்புதான்.

பின்விளைவு

சோடி சேர்ந்த தாள்களில் பகைப் பகுதி சற்று இறங்கியிருந்தது. பரிவுப் பகுதி அசையவில்லை.

துணை முதல்வர் முதல் பாதியைக் கருத்தரங்கின் வெற்றி என்று அறிக்கையில் எழுத விரும்பினார். குழு ஒப்பவில்லை. கருத்தரங்குக்குப் போகாத ஒப்பீட்டுக் குழு கிடையாது. ஒரே கேள்விகளை இரண்டாம் முறை பார்ப்பவருக்கு எந்த விடை எதிர்பார்க்கப்படுகிறது என்பது தெரிந்திருக்கும். பகைக் கூற்றுகளில் அதை ஊகிப்பது சுலபம். இறக்கம் என்று மட்டும் எழுதலாம், கருத்தரங்கால் வந்த இறக்கம் என்று எழுத முடியாது.

பரிவு ஏன் அசையவில்லை என்பதற்குப் புள்ளியியல் தேவைப்படவில்லை. மாணவியின் களக்குறிப்பில் இருந்தது. தொடரின் முதல் நாள், நிர்வாகத்தின் சார்பில் பேச வந்தவர் மேடையேறி, நம் நிறுவனத்தின் அலங்காரமான மாணவிகளுக்கு வணக்கம் சொல்லி, இளைஞர்கள் அவர்களைக் காக்க வேண்டியவர்கள் என்று நினைவூட்டி, கைதட்டலோடு இறங்கினார். பரிவுப் பகுதியின் கூற்றுகளில் நான்கைந்தை அவர் ஒரே மூச்சில் சொல்லியிருந்தார், அதுவும் பாகுபாட்டுக்கு எதிரான கருத்தரங்கின் தொடக்கவுரையாக. அவர் தப்பாக எதையும் சொன்னதாக அறையில் யாருக்கும் தோன்றவில்லை.

ஆண், பெண் சராசரிகளை ஒப்பிடும் ஆசையும் நிறைவேறவில்லை. அதற்கு முன் மூன்று படி ஏற வேண்டும்: இரு பாலாருக்கும் கூற்றுகள் ஒரே காரணிகளில், அதாவது ஒரே குழுக்களில், சேர்கின்றனவா, ஒவ்வொரு கூற்றும் தன் குழுவோடு எவ்வளவு இறுக்கமாகச் சேர்கிறது என்று காட்டும் காரணிச் சுமைகள் ஒத்திருக்கின்றனவா, ஒரே மனப்போக்குக்கு ஒரே தொடக்கப்புள்ளி இருக்கிறதா. ஆறே படியுள்ள விடைகளைத் தொடர் எண்ணாகப் பாவிக்காமல், எது முன், எது பின் என்பதை மட்டும் காட்டும் வரிசை எண்ணாகக் கணக்கிடவும் வேண்டும். பொறியியல் வகுப்புகளில் மாணவிகள் குறைவு. அந்தச் சோதனையைத் தாங்கும் அளவுக்குத் தாள்கள் இல்லை. எனவே இரு பாலாரின் எண்களும் தனித்தனிப் பக்கங்களில், ஒப்பீடு இல்லாமல் அச்சாயின.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

முதல் வாரத்திலேயே ரஷ்ய மொழி இதழ்களைத் தேடியிருக்க வேண்டும். எலெனா அகதுல்லினா இந்த அளவுகோலை ரஷ்ய மாதிரிக்குத் தகவமைத்து 2018-லேயே வெளியிட்டிருந்தார். ஆங்கிலத்தில் மட்டும் தேடியதால் அது குழுவின் கண்ணில் பட்டபோது முதல் சுற்று முடிந்திருந்தது. நடுவில் கருவியை மாற்ற வழியில்லை. அமெரிக்க எண்ணோடு ஒப்பிட வேண்டும் என்ற கட்டளையை அன்றே கேள்வி கேட்டிருந்தால் தாங்களே மொழிபெயர்க்கும் அவசியமே வந்திருக்காது. வெளியான தகவமைப்பை எடுத்தாலும், உரக்கச் சிந்திக்க வைக்கும் நேர்காணலை விட முடியாது. விடுதி மாணவரும் பெருநகர மாணவரும் ஒரே சொல்லை ஒரே விதமாகப் படிப்பார்கள் என்ற உத்தரவாதம் யாரும் தரவில்லை.

வகுப்புகளில் பாதியைக் கருத்தரங்குக்கு இப்போதும், மறுபாதியை அடுத்த பருவத்திலும் அனுப்பினால் காத்திருக்கும் பாதியே ஒப்பீட்டுக் குழுவாகிவிடும். யாருக்கும் எதுவும் மறுக்கப்படுவதில்லை என்பதால் நிர்வாகம் இதற்கு இணங்கக்கூடும்.

தொடக்கவுரை ஆற்றுபவரிடம் 22 கூற்றுகளையும் முன்கூட்டியே காட்டலாமா என்பதில் குழுவுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. காட்டினால் கேள்விகள் வெளியே கசியும், காட்டாவிட்டால் மறுபடியும் அதே உரை. தொடக்கவுரையையே எடுத்துவிடலாம் என்பது மாணவியின் யோசனை.

குறியீட்டு அட்டையில் ஒரு வரி மாறிவிட்டது: ‘அம்மாவின் பெயரின் முதல் எழுத்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடி’. தேதிக்கு இரண்டு கட்டங்கள் வரைந்திருக்கிறார்கள்.